வீட்டு நீச்சல் குளத்துக்கு எந்த மூடி? செட்டிநாட்டு வீட்டுக்காரர்களுக்கு ஒரு ஒப்பீடு

காரைக்குடி, கானாடுகாத்தான், தேவகோட்டைப் பக்கம் பழைய வீடுகளைப் புதுப்பிக்கிறவர்கள் பலர் இப்போது தோட்டத்தில் ஒரு நீச்சல் குளமும் கட்டிக்கொள்கிறார்கள். சிலர் வீட்டை விருந்தினர் விடுதியாக நடத்துகிறார்கள். சிலர் சென்னையிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் விடுமுறைக்கு வரும் பேரப்பிள்ளைகளுக்காகக் கட்டுகிறார்கள். தண்ணீர் நிரப்பிய பிறகுதான் கவலை தொடங்குகிறது. "பிள்ளைகள் ஓடியாடுகிற இடம், வீட்டில் நாய் வேறு இருக்கிறது, மேலே எதைப் போட்டு மூடலாம்?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். கடைக்காரர் நாலைந்து வகை காட்டுகிறார், எல்லாமே பிள்ளைகளுக்குப் பாதுகாப்பு என்கிறார். அதில் சிலது உண்மை, சிலது ஆபத்து.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மூடி என்பது விரித்திருக்கும்போது மட்டும்தான் காப்பாற்றும். நம் ஊர்ப்பக்கத்தில் வீடுகள் பல மாதம் பூட்டிக் கிடக்கும். பிறகு ஒரு சாந்தி (அறுபதாம் கல்யாணம்), ஒரு படைப்பு (முன்னோருக்குப் படையல்), ஒரு திருவிழா என்றால் நான்கு நாள் ஐம்பது பேர் நிறைந்திருப்பார்கள். பிள்ளைகள் அதிகமாக இருக்கும் அந்த நாட்களில்தான் குளம் திறந்தே கிடக்கும். அதனால் எந்த மூடி நல்லது என்று பார்ப்பதற்கு முன், உங்கள் வீட்டில் யார், எப்போது, எத்தனை நாள் இருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும்.

எதை வைத்து அளப்பது

குழந்தை தண்ணீரில் விழுந்தால் சத்தம் வரும், ஓடிப் போய்த் தூக்கிவிடலாம் என்று பலர் நம்புகிறார்கள். பெரும்பாலும் சத்தமே வராது. மூச்சு முட்டுகிற குழந்தையால் கத்த முடியாது. பிராணவாயு இல்லாமல் நான்கைந்து நிமிடத்தில் மூளை பாதிக்கப்படத் தொடங்கும். தவழும் குழந்தைக்கு ஐந்து சென்டிமீட்டர் தண்ணீரே போதும். உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி 2021-இல் உலகம் முழுவதும் சுமார் 3 லட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்தார்கள். அவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள்.

ஆகவே முதல் அளவுகோல், மேலே விழுந்தால் தாங்குமா என்பது. அமெரிக்காவில் பாதுகாப்பு மூடிகளுக்கென்றே ஏ.எஸ்.டி.எம். எஃப்1346 என்ற தரநிலை இருக்கிறது. இரண்டு பெரியவர்களும் ஒரு குழந்தையும் ஏறி நிற்கிற எடையை, அதாவது சுமார் 220 கிலோவை, மூடி தாங்க வேண்டும். ஓரத்தில் பிள்ளை நுழைகிற அளவுக்கு இடைவெளி விடக் கூடாது. மேலே விழும் மழைநீர் தேங்கி நிற்கக் கூடாது. பிரான்ஸ் நாட்டில் மூடிகளுக்கு என்.எஃப். பி90-308 என்ற தரநிலை. இவற்றில் ஏதாவது ஒன்று மூடியின் மேலேயே அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். விலைப்பட்டியலில் இருப்பது போதாது.

அடுத்தது, அதைத் திறந்து மூட எவ்வளவு நேரம், எத்தனை ஆள். என்னைக் கேட்டால் இதற்குத்தான் அதிக மதிப்பெண். அரை மணி நேரம் பிடிக்கிற மூடியைக் காலையில் கழற்றியவர்கள் மாலையில் திரும்பப் போடமாட்டார்கள். நாளைக்கும் குளிக்கத்தானே போகிறோம் என்று விட்டுவிடுவார்கள்.

அதற்குப் பிறகு நாய் நகமும் பூனைக் காலும் என்ன செய்யும், சித்திரை வெயிலுக்கும் ஐப்பசி மழைக்கும் எப்படி நிற்கும், கரண்ட் போனால் என்ன ஆகும், தளத்தில் எங்கே துளை போட வேண்டும் என்பதெல்லாம்.

மூடி போலத் தெரிகிறவை

வகைகளுக்குப் போகும் முன் இதைச் சொல்லியாக வேண்டும். நம் ஊரில் அதிகம் பார்ப்பது நீலத் தார்ப்பாயைத்தான். நாலு மூலையிலும் கல்லை வைத்து விரித்துவிடுகிறார்கள். இலை விழாமல் இருக்கும், உண்மைதான். ஆனால் அதன் மேல் கால் வைக்கிற பிள்ளைக்கு அது தரை மாதிரி தெரியும். கால் வைத்ததும் தார்ப்பாய் உள்ளே மடிந்து, பிள்ளையைச் சுற்றிக்கொண்டு மூழ்கும். மேலிருந்து பார்க்கிறவருக்கு உள்ளே யாரோ இருப்பதே தெரியாது. திறந்த குளத்தைவிட இது மோசம். நாற்றங்காலுக்குப் போடும் பச்சை நிழல் வலைக்கும், தண்ணீர் சூட்டையும் ஆவியாவதையும் கட்டுப்படுத்த மிதக்கவிடும் குமிழ்த் தாளுக்கும் இதே கதைதான்.

மாடி பால்கனியில் புறா வராமல் கட்டுகிற நைலான் வலையையும் சிலர் குளத்துக்குக் கட்டித் தருகிறார்கள். சுவரில் கொக்கி அடித்து மாட்டுகிற வலை அது. குளத்தின் அகலத்துக்குக் குறுக்கே இழுத்தால் நடுவில் தொய்ந்து தண்ணீரைத் தொடும். இவற்றில் ஏதாவது உங்கள் குளத்தின் மேல் இருந்தால் இன்றைக்கே எடுத்துவிடுங்கள். சரியானது வரும்வரை குளத்துக்குப் போகும் கதவைப் பூட்டி வைப்பதே மேல்.

"தண்ணீரை இறைத்துவிட்டுக் காலியாக வைத்தால் என்ன?" என்றும் கேட்கிறார்கள். ஐந்தடி ஆழத்தில் வெறும் சிமெண்டுத் தரையில் விழுந்தால் தலை உடையும். மழை பெய்தால் அடியில் ஒரு முழம் தண்ணீர் எப்படியும் தேங்கும். மழைக்காலத்தில் மண்ணில் ஈரம் ஏறும்போது காலிக் குளத்தின் அடித்தளத்தைக் கீழிருந்து தண்ணீர் தள்ளி வெடிப்பு விழவும் வாய்ப்பு உண்டு.

மெஷ் மூடி

அடர்த்தியாக நெய்த பாலிப்ரொப்பிலீன் துணி. குளத்தைச் சுற்றித் தளத்தில் துளையிட்டுப் பித்தளை ஆங்கர் பதிப்பார்கள். மூடியின் பட்டைகளில் இருக்கும் ஸ்டீல் ஸ்பிரிங்கை இழுத்து அதில் மாட்டினால், நாடாக் கட்டிலை இறுக்கிக் கட்டியது போல விறைப்பாக நிற்கும். மழைத் தண்ணீர் துணி வழியாகக் குளத்துக்குள் இறங்கிவிடும், மேலே தேங்காது. வடகிழக்குப் பருவமழை அடித்துப் பெய்யும் நம் பக்கத்துக்கு இது பெரிய நன்மை. நாய் ஏறி நடந்தாலும் தாங்கும். மயில் வந்து உட்கார்ந்தாலும் ஒன்றும் ஆகாது.

சிக்கல் எங்கே என்றால், 8 மீட்டருக்கு 4 மீட்டர் குளத்தின் சுற்றளவு 24 மீட்டர். மூன்றடிக்கு ஒரு பட்டை என்றால் இருபத்தைந்து ஸ்பிரிங்குக்கு மேல் வரும். ஒவ்வொன்றாக மாட்டிக் கழற்ற இரண்டு ஆள் வேண்டும். ஆண்டில் பாதி நாள் குளிர் என்று குளத்தை மூடிவைக்கிற நாடுகளுக்காக வந்த பொருள் இது. தினமும் திறந்து மூடுகிற வேலைக்கு ஒத்து வராது.

தளத்தையும் பாருங்கள். மூடி குளத்தின் விளிம்பைத் தாண்டி விரிய வேண்டும், ஆங்கர் அதற்கும் அப்பால் வரும். சுற்றிலும் ஏறத்தாழ ஒரு மீட்டர் கெட்டியான தளம் தேவை. ஆத்தங்குடி கல் பதித்திருந்தால் அதில் துளையிட விடாதீர்கள். கண்ணாடி மேல் வண்ணக் கலவையும் சிமெண்டும் ஊற்றிக் கையால் செய்கிற, சூளையில் சுடாத கல் அது. டிரில் போட்டால் விளிம்பு பிளக்கும். பிளக்காமல் போனாலும் ஸ்பிரிங் இழுக்கிற விசையைத் தாங்கிப் பிடிக்க அந்தக் கல்லில் கனம் கிடையாது. கீழே கான்கிரீட் பட்டை ஓடுகிற இடம் பார்த்து ஆங்கர் இறங்க வேண்டும். வீடு பங்காளிகளுக்குப் பொதுவானது என்றால், துளை போடும் முன் எல்லோரிடமும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். பிறகு வருகிற மனத்தாங்கலுக்கு விலை அதிகம்.

மறைந்திருக்கும் செலவு இன்னும் இரண்டு. நுண்ணிய செம்மண் தூசி துணி வழியாக இறங்கும். வெளிச்சமும் கொஞ்சம் போகும், அதனால் பாசி பிடிக்கும். வீடு பூட்டியிருந்தாலும் காவல்காரர் மோட்டாரை ஓட்டிக் குளோரின் போட்டாக வேண்டும், இல்லையென்றால் மூடிக்கு அடியிலேயே கொசு பெருகும். நீர்மட்டத்தையும் அவர் பார்க்க வேண்டும். யாராவது மேலே விழும்போது கீழே இருக்கும் தண்ணீரும் சேர்ந்துதான் மூடியைத் தாங்குகிறது. மட்டம் ரொம்ப இறங்கிவிட்டால் மொத்த எடையும் ஸ்பிரிங்கின் மேல் வரும்.

கெட்டி வினைல் மூடி

மாட்டுகிற முறை அதேதான், துணி மட்டும் தண்ணீர் புகாத வினைல். தூசி, வெளிச்சம் எதுவும் உள்ளே போகாது, தண்ணீர் தெளிவாக இருக்கும். ஆனால் மழையைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். மேலே சொன்ன 32 சதுர மீட்டர் குளத்தின் மேல் ஐந்து சென்டிமீட்டர் மழை பெய்தால் 1,600 லிட்டர், அதாவது 1.6 டன் தண்ணீர். அது நடுவில் தேங்கி நின்றால் மூடியின் மேலேயே ஒரு குட்டிக் குளம். தவழும் பிள்ளைக்கு அதுவே போதும் என்று மேலே பார்த்தோம். இந்தத் தண்ணீரை வெளியேற்ற மூடியின் மேல் ஒரு சின்ன பம்ப் வைப்பார்கள், சில மூடிகளில் தண்ணீர் வடிய நடுவில் ஒரு வலைத்துண்டு, அதாவது வடிவலை, தைத்திருக்கும். பம்புக்குக் கரண்ட் வேண்டும். நம் பக்கம் பெருமழையும் கரண்ட் கட்டும் சேர்ந்தேதான் வருகின்றன. பிள்ளையார் நோன்புக்கு ஊருக்கு வருகிற மார்கழி வாக்கில் மழை முழுதாக விட்டிருக்கும் என்றும் சொல்ல முடியாது. வடிவலை இல்லாத வினைல் மூடியை இந்தப் பகுதிக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

பாதுகாப்பு வலை

தடித்த கயிற்றில் சதுரக் கண்ணிகளாகப் பின்னிய வலை. தண்ணீருக்குச் சற்று மேலே இறுக்கி நிற்கும். கண்ணி பிள்ளையின் தலை நுழையாத அளவில் இருக்கும். விலை மற்ற மூடிகளைவிடக் குறைவு, வளைந்த வடிவக் குளத்துக்கும் பொருந்தும்.

வளர்ப்புப் பிராணி இருக்கிற வீட்டுக்கு இது சரிப்படாது. பூனைக்குட்டியும் நாய்க்குட்டியும் கண்ணி வழியாக விழுந்துவிடும். சிப்பிப்பாறை மாதிரி கால் நீண்ட நாய் மேலே ஓடினால் கால் மாட்டி முறியலாம். மழையில் நீர்மட்டம் ஏறி வலையைத் தொட்டுவிட்டால், வலையில் குப்புற விழுகிற குழந்தையின் முகம் தண்ணீரில் இருக்கும். அதனால் வலை போட்டவர்கள் மட்டம் ஏறாமல் வழிந்தோடும் குழாயைச் சுத்தமாக வைத்திருக்க வேண்டும்.

மோட்டார் மூடி

சாவியைத் திருப்பினால் ஒரு நிமிடத்துக்குள் மூடிக்கொள்ளும். இரு பக்கமும் தண்டவாளம் போன்ற பள்ளத்தில் வினைல் துணி ஓடும். தினமும் விருந்தினர் வந்துபோகிற விடுதிக்கு இதைவிட வசதியானது இல்லை. யாரும் சோம்பல்படாமல் மூடுவார்கள், பாதுகாப்புக்கு அதுதான் வேண்டியது.

விலையும் எல்லாவற்றிலும் அதிகம். செவ்வகக் குளத்துக்குத்தான் ஒழுங்காகப் பொருந்தும். குளம் கட்டும்போதே மூடி சுருண்டு அடங்குகிற குழியையும் அதில் தண்ணீர் வடியும் வழியையும் விட்டிருந்தால் நல்லது. பிறகு செய்தால் தளத்தை உடைக்க வேண்டும். பள்ளத்தில் மண் அடைத்தால் துணி கோணலாக ஓடும். உதிரி பாகம் எங்கிருந்து வரும், பழுது பார்க்க ஆள் எத்தனை நாளில் வருவார் என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். கரண்ட் இல்லாதபோது கையால் சுற்ற வழி இருக்கிறதா என்றும் கேளுங்கள். மேலே தேங்கும் மழைநீருக்கு இதற்கும் பம்ப் வேண்டும். சாவிப் பெட்டி குளம் முழுவதும் கண்ணில் படுகிற இடத்தில் இருக்க வேண்டும், உள்ளே யாராவது இருக்கும்போது தெரியாமல் மூடிவிடக் கூடாது. பாதி மூடிய குளத்தில் யாரையும் இறங்க விடாதீர்கள், அடியில் போன பிள்ளைக்கு மேலே வர வழி தெரியாது.

பிளாஸ்டிக் பட்டைகளைக் கோத்துச் சுருட்டுகிற இன்னொரு வகையும் உண்டு. பார்க்க அழகு. ஆனால் கருநிறப் பட்டைகள் நம் வெயிலில் சூடேறி நெளியும், வாங்கினால் வெள்ளை நிறமே நல்லது.

மூடிக்குப் பதில் வேலி

மூடி கேட்டு வருகிறவர்களிடம் நான் அதிக நேரம் பேசுவது வேலியைப் பற்றித்தான். குளம் திறந்திருக்கிற நேரத்திலும் வேலை செய்வது இது ஒன்றுதான். நான்கு பக்கமும் அடைத்த வேலி, வீட்டையே ஒரு பக்கமாகக் கொண்ட மூன்று பக்க வேலியைவிடக் குழந்தைகளைக் காப்பதில் மேலானது என்பது ஆய்வுகளில் தெளிவாகத் தெரிந்த விஷயம்.

செட்டிநாட்டு வீட்டுக்கு இது இன்னும் பொருந்தும். முகப்பில் நின்றால் வளவு, இரண்டாம் கட்டு எல்லாம் தாண்டிப் பின்வாசல் நேராகத் தெரியும். வீடு ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும். காற்றுக்காகக் கதவெல்லாம் பகல் முழுவதும் திறந்தே இருக்கும். முகப்பில் பெரியவர்கள் பேசிக்கொண்டிருக்கும்போது இரண்டு வயதுப் பிள்ளை நேர்கோட்டில் ஓடித் தோட்டத்துக்குப் போய்விடும். அத்தனை பேர் கூடியிருக்கும் வீட்டில் பிள்ளை யாரோ ஒருவரிடம் இருக்கிறது என்று ஒவ்வொருவரும் நினைத்துக்கொண்டிருப்பார்கள். ஆகவே வீட்டுச் சுவரை வேலியாகக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

உயரம் குறைந்தது 1.2 மீட்டர். கம்பிகளுக்கு நடுவிலும் அடியிலும் 10 சென்டிமீட்டருக்கு மேல் இடைவெளி கூடாது. குறுக்குக் கம்பி ஏணியாகிவிடும், நெட்டுக் கம்பியே வேண்டும். கதவு தானாகச் சாத்திக்கொண்டு தானாகத் தாழ் விழ வேண்டும், குளத்துக்கு எதிர்ப்பக்கமாகத் திறக்க வேண்டும், தாழ் ஏறக்குறைய ஒன்றரை மீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும். வேலிக்குப் பக்கத்தில் நாற்காலி, பூந்தொட்டி, ஆட்டுக்கல் எதுவும் வைக்கக் கூடாது. இந்த அளவுகளை எழுதிக் கொடுத்தால் ஊரில் இருக்கிற வெல்டிங் பட்டறையிலேயே செய்துவிடுவார்கள், எங்கிருந்தும் தருவிக்க வேண்டியதில்லை. பூனையும் நாய்க்குட்டியும் இருந்தால் கீழ்ப்பாதியில் சன்னக் கம்பிவலை சேர்த்து அடியுங்கள்.

குறை என்றால், வேலிக்குள் புகுந்துவிட்டவரை அது காப்பாற்றாது. விருந்து நாளில் ஆள் போய்வரச் சௌகரியமாக இருக்கட்டும் என்று கதவுக்குக் கல்லை முட்டுக் கொடுத்துவிட்டால் வேலி இருந்தும் இல்லாத மாதிரிதான்.

ஒரே பார்வையில்

| வகை | மழைநீர் | தினமும் திறந்து மூட | நாய், பூனை | கவனிக்க வேண்டிய செலவு |
|---|---|---|---|---|
| மெஷ் மூடி | உள்ளே இறங்கிவிடும் | கடினம், இரண்டு ஆள் | நன்றாகத் தாங்கும் | ஆங்கர் வேலை, பாசி |
| கெட்டி வினைல் | மேலே தேங்கும் | கடினம், கனமும் கூட | நகம் கிழிக்கலாம் | பம்ப், கரண்ட் |
| வலை | தேங்காது | ஓரளவு சிரமம் | ஒத்து வராது | நீர்மட்டக் கவனிப்பு |
| மோட்டார் மூடி | மேலே தேங்கும் | மிக எளிது | தாங்கும், நகக்கீறலைக் கவனிக்கவும் | குழி, பழுது, உதிரி பாகம் |
| நான்கு பக்க வேலி | பிரச்சினை இல்லை | கதவு தானாகச் சாத்தும் | கீழே கம்பிவலை வேண்டும் | ஆண்டுக்கொரு முறை பெயின்ட், கதவு ஸ்பிரிங் |

உங்கள் வீடு எந்த மாதிரி

மாதக்கணக்கில் பூட்டிக் கிடந்து விசேஷத்துக்கு மட்டும் திறக்கும் வீடா? வேலியும் மெஷ் மூடியும் சேர்ந்து வேண்டும். பூட்டியிருக்கும் மாதங்களுக்கு மூடி, கூட்டம் இருக்கும் நாட்களுக்கு வேலி. இந்த ஆண்டு ஒன்றுக்குத்தான் பணம் இருக்கிறது என்றால் வேலியைப் போட்டுப் பூட்டுங்கள், மூடி அடுத்த ஆண்டு வரட்டும்.

ஆச்சியும் ஐயாவும் நிரந்தரமாக இருக்க, பேரப்பிள்ளைகள் அடிக்கடி வந்துபோகிற வீடு என்றால் வேலிதான் முதன்மை. வயதானவர்களால் ஸ்பிரிங் மூடியை இழுத்து மாட்ட முடியாது, அவர்களிடம் அந்தப் பொறுப்பைக் கொடுக்கவும் கூடாது.

விருந்தினர் விடுதி நடத்துகிறவர்கள் செவ்வகக் குளமாக இருந்தால் மோட்டார் மூடிக்குப் பணம் ஒதுக்கலாம், வேலியோடு சேர்த்து. தோற்றம் கெடும் என்று வேலியைத் தவிர்க்கிறவர்கள் உண்டு. கண்ணாடி வேலி போட்டுக்கொள்ளட்டும். முன்பின் தெரியாத வீட்டுக்கு வருகிற பிள்ளைக்குக் குளம் எங்கே இருக்கிறது, எவ்வளவு ஆழம் என்று எதுவும் தெரியாது. அந்தப் பிள்ளைக்காகவாவது வேலி இருக்க வேண்டும்.

நாய் மட்டும்தான், சின்னப் பிள்ளைகள் வருவதில்லை என்றால் மெஷ் மூடி போதும். குளம் திறந்திருக்கும் நேரத்துக்கு ஒரு சாய்வுப் பலகை பொருத்தி, படி எங்கே என்று நாய்க்குப் பழக்கிவிடுங்கள். பெரும்பாலான நாய்களுக்கு நீந்தத் தெரியும், ஆனால் வெளியே ஏறும் இடம் தெரியாமல் சுவரைப் பிறாண்டிக் களைத்துத்தான் மூழ்கும்.

தண்ணீரில் அசைவு வந்தால் ஒலிக்கும் அலாரத்தை எதற்கும் மாற்றாக எண்ணாதீர்கள். விழுந்த பிறகுதான் அது கத்தும். பின்கோடியில் ஒலிப்பது மேளச் சத்தத்துக்கு நடுவே முகப்புக்குக் கேட்கவும் கேட்காது. எதைப் போட்டாலும், பிள்ளைகள் குளத்தில் இருக்கும் நேரத்தில் நீந்தத் தெரிந்த ஒரு பெரியவர் போனைக் கீழே வைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்திருக்க வேண்டும். அவர் எழுந்தால் பெயர் சொல்லி இன்னொருவரிடம் ஒப்படைக்க வேண்டும். நெஞ்சை அழுத்தி வாயில் மூச்சு ஊதும் முதலுதவியை வீட்டில் இருவராவது கற்றுக்கொள்ளுங்கள், 108 வண்டி வரும்வரை அதுதான் உயிரைப் பிடித்து வைக்கும்.

கிணற்றை மறக்க வேண்டாம்

குளத்துக்கு இத்தனையும் செய்துவிட்டு, அதே தோட்டத்தில் இருக்கும் பழைய கிணற்றை அப்படியே விட்டிருக்கிறார்கள். கைப்பிடிச் சுவர் பெரியவர் இடுப்பளவுகூட இருக்காது. பக்கத்திலேயே துவைக்கிற கல் கிடக்கும், அதில் ஏறினால் நான்கு வயதுப் பிள்ளை உள்ளே எட்டிப் பார்க்கும். வேலி செய்கிற பட்டறையிலேயே கிணற்று வாய்க்கும் ஒரு இரும்புக் கம்பிச் சட்டம் சொல்லிவிடுங்கள். இங்கும் இடைவெளி 10 சென்டிமீட்டருக்குள், வாளி இறங்க ஒரு சின்னக் கதவு, அதற்கு ஒரு பூட்டு. சட்டத்தை நான்கு இடத்தில் சுவரோடு போல்ட் போட்டு இறுக்க வேண்டும், சும்மா மேலே வைத்தால் நகரும். துவைக்கிற கல்லைக் கிணற்றை விட்டு நன்றாகத் தள்ளிப் போடச் சொல்லுங்கள்.